பாலார்பட்டிப் பொங்கலும் பிரிம்லி கல்லறையும்

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ் எதில் ஏறினாலும் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக் பெயருக்குக் கீழேதான் ஏற வேண்டும். புதுப் பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர். வீரபாண்டி தாண்டியதும் ஆட்டோவின் முதுகில், உரக்கடைக் காலண்டரில், டீக்கடை முகப்பில் அதே மீசை. சின்னமனூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் இன்னும் ஒருபடி மேலே போயிருந்தார்கள். பிளாஸ்டிக் மாலை போட்ட தாத்தா, பாட்டி படங்களுக்கு நடுவே அதே அளவுச் சட்டத்தில் பென்னிகுயிக். மூவருக்கும் ஒரே விரலால் வைத்த சந்தனப் பொட்டு. "இவரும் எங்க வீட்டுப் பெரியவருதான்" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

இங்கிலாந்தில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் வம்சாவளி தேடுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா எந்தத் தெருவில் இருந்தார், என்ன வேலை பார்த்தார், எந்தக் கோயில் முற்றத்தில் புதைந்தார் என்று பழைய கணக்கெடுப்புத் தாள்களிலும் பங்குக் கோயில் பதிவேடுகளிலும் துருவிக்கொண்டிருப்பார்கள். பென்னிகுயிக் நம் வீட்டுப் பெரியவர் என்றால், வெள்ளைக்காரர்கள் தங்கள் பெரியவர்களைத் தேடுகிற வழியிலேயே அவரையும் தேடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. கையில் செல்போன் இருக்கிறது. பஸ்ஸோ லோயர் கேம்ப் வரைக்கும் போகிறது.

முதலில் அவர்கள் வைத்திருக்கும் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. மதுரையில் விசுவநாத நாயக்கர் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிறப்பு இறப்புகளை அரசே பதியத் தொடங்கியது 1837 ஜூலையில். நான்கு வருடம் கழித்து, 1841 ஜூன் 6-ஆம் தேதி ராத்திரி யார் யார் எந்த வீட்டில் தங்கினார்கள் என்று பெயர் பெயராக எடுத்த கணக்கு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தொன்பது வயதுக்காரர் தாளில் முப்பத்தைந்தாகி நிற்பார். பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் 1851-இலிருந்து வரும். 1911-க்கு வந்தால் வீட்டுத் தலைவர் தன் கையாலேயே நிரப்பிய தாள் அப்படியே இருக்கிறது. நூறு வருடம் ஆன பிறகுதான் வெளியே விடுவார்கள். 1921-ஆம் வருடத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. அடுத்ததற்குக் காத்திருந்து பயனில்லை. 1931 தாள்கள் 1942-இல் தீயில் போய்விட்டன. 1941-இல் யுத்தம் நடந்ததால் எடுக்கவே இல்லை.

இத்தனை வலை விரித்தும் பென்னிகுயிக் பெரும்பாலும் அதற்குள் விழாமலே வாழ்ந்திருக்கிறார். பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். பெயர் பெயராக எடுத்த அந்த முதல் கணக்கின்போது அவர் ஐந்து மாதக் குழந்தை, இருந்தது இந்தியாவில். இப்படிப் பிறந்தவர்களை எந்த ஆங்கிலக் கிராமத்துப் பதிவேட்டிலும் தேடிப் புண்ணியமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் பாதிரியார்கள் மூன்று மாகாணங்களிலும் செய்த ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் அடக்கங்களையும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த ஏடுகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடு இருக்கின்றன. வங்காளத்துக்கு என்-1, சென்னைக்கு என்-2, பம்பாய்க்கு என்-3 என்று வரிசை. புனேயில் பிறந்த குழந்தையை என்-3 வரிசையில் தேட வேண்டும். நாம் ஆங்கிலேயர் என்று சொன்னாலும் அப்பா வழிக் குடும்பம் ஸ்காட்லாந்துக்காரர்கள். தாத்தாவுக்கு மேலே போக வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் பழைய பங்கு ஏடுகள். அது தனிக் கிளை.

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே பஸ் வயல்களுக்குள் புகுந்து போகும். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகப் பாசனம் 14,707 ஏக்கர் என்று ஒவ்வொரு வருடமும் தண்ணீர் திறக்கும்போது பத்திரிகையில் படிக்கிறோம். சன்னலில் தெரிவது அதுதான். ஒரு பக்கம் நாற்று, எதிர்ப்பக்கம் அறுப்பு முடிந்த தாள், இடையிடையே வாழை, வரப்பில் தென்னை. மேற்கே மலை ஒரே சுவராக உடன் வருகிறது. அந்தச் சுவருக்கு அப்பால் மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றைத்தான் அணை கட்டித் திருப்பினார்கள். இது பென்னிகுயிக்குக்கு வந்த யோசனையும் இல்லை. 1789-லேயே சேதுபதி மன்னர் ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். 1808-இல் ஜேம்ஸ் கால்டுவெல் பார்த்துவிட்டு ஆகாது என்றார். 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் அரசுக்கு அவசரம் பிறந்தது.

பென்னிகுயிக்கின் அப்பா பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். பிரிகேடியர். 1849 ஜனவரி 13, பஞ்சாபில் சிலியன்வாலா போர். சீக்கியப் படையோடு நடந்த அந்தச் சண்டையில் அப்பா விழுந்தார். அவர் உடலைக் காக்க நின்ற மகன் அலெக்சாண்டரும் அங்கேயே மாண்டான். அவனுக்குப் பதினேழு வயது. நம் பென்னிகுயிக்குக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் பாக்கி. செய்தி போய்ச் சேர அந்தக் காலத்தில் வாரக்கணக்காகும் என்பதால், அந்தப் பிறந்தநாளில் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அணை கட்டியவரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கோ பதிவேடுகளில் தெரிகிற பென்னிகுயிக்குகளில் அந்தப் பையனைத்தான் அதிகம் நினைக்கத் தோன்றுகிறது.

பிறகு செல்டன்ஹாம் கல்லூரி, கம்பெனியின் அடிஸ்கம் ராணுவப் பள்ளி. 1858-இல் பொறியாளர் படையில் லெப்டினன்ட். 1860-இல் இந்தியா வந்துவிட்டார். 1879-இல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியரோடு கல்யாணம். ஐந்து பெண்கள், கடைசியில் 1899-இல் ஒரு பையன். அந்தப் பையன் சர் ஜான் பென்னிகுயிக் என்று லண்டனில் பெரிய நீதிபதியாக இருந்து 1982-இல் இறந்தார். நாம் இங்கே சொந்தம் கொண்டாடுகிறவரின் நேர்வாரிசு, இந்திரா காந்தி பிரதமராக இருந்த காலம் வரை உயிரோடு இருந்திருக்கிறார்.

கூடலூரில் பஸ் கொஞ்சம் காலியானது. திராட்சைப் பந்தல்கள் முடிந்து மலை நெருங்கிவிட்டது. லோயர் கேம்ப்பில் இறங்கி நிமிர்ந்தால் மலைச்சரிவில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் பக்கம் பக்கமாக இறங்குகின்றன. அவை அணை வேலையைச் சேர்ந்தவை அல்ல, 1950-களில் வந்த மின்நிலையத்தின் குழாய்கள். ஆனால் தண்ணீர் அதே தண்ணீர்தான். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, குழாயில் விழுந்து, விசையாழியைச் சுற்றிவிட்டு முல்லையாற்றில் கலக்கிறது. பக்கத்தில் போய்க் குழாயின் கீழ்த்தாங்கியில் கை வைத்தால் உள்ளங்கையில் அதிர்வு ஏறுகிறது.

இங்கே இருக்கும் பென்னிகுயிக் மணிமண்டபம் 2013 ஜனவரி 15-ஆம் தேதி திறக்கப்பட்டது. வெண்கலச் சிலை, பழைய போட்டோக்கள், அணையின் மாதிரி. வாசலில் செருப்புகள் கழன்று கிடந்தன. கழற்றச் சொல்லி அறிவிப்பு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. உள்ளே ஒரு விவசாயி, எழுபது வயதிருக்கும், பேரனுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு என்னையும் சேர்த்துக்கொண்டார்.

"பாதி கட்டையிலயே வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு தம்பி. கவர்மெண்டு காசு தரமாட்டேன்னுட்டான். இவரு சீமைக்குப் போயி வீட்ட வித்து, நெலத்த வித்து, பொண்டாட்டி நகையக் கூட விட்டு வைக்காம வித்துக் கொண்டாந்துல்ல கட்டுனாரு. இன்னைக்கி எவன் செய்வான்?"

"நகைய வித்ததுக்கு எங்கயாச்சும் எழுதியிருக்காங்களாய்யா?" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "எழுதுனாத்தான் உண்மையா? தண்ணி வருதுல்ல?"

எழுதியிருப்பது வேறு. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரிக்கும் ஒப்பந்தம். 999 வருடக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் ஐந்து ரூபாய், மொத்தம் நாற்பதாயிரம். 1887-இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். முழுக்கச் சென்னை அரசின் பொதுப்பணி. திட்டத்தின் வரலாற்றைப் பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி புத்தகமாகவே எழுதினார். பென்னிகுயிக்கும் லண்டன் பொறியாளர் சங்கத்தில் 1897-இல் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். சொந்தச் சொத்தை விற்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். ஆங்கிலேய வம்சாவளிக்காரர்கள் இந்த மாதிரி வீட்டுக் கதையைச் சோதிக்க உயில் அட்டவணையைப் புரட்டுவார்கள். 1858-இலிருந்து உயில்களின் சுருக்க விவரங்கள் வருடவாரியாக அச்சாகியிருக்கின்றன, விட்டுப்போன சொத்தின் மதிப்போடு. நான் பெரியவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் நகைக் கதையில் ஒரு நியாயம் இருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒழுங்காக வேலை பார்த்த அதிகாரியை யாரும் கும்பிடுவதில்லை. வீட்டுப் பெரியவர் என்றால் வீட்டுக்காக எதையாவது இழந்திருக்க வேண்டும். பொண்டாட்டி நகையை அடகு வைக்காமல் நாற்று நட்ட சம்சாரி இந்தப் பக்கம் எத்தனை பேர்? தங்களுக்குத் தெரிந்த தியாகத்தைத்தான் அவருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

கதை பதிவேட்டோடு நேருக்கு நேர் மோதிய சம்பவமும் ஒன்று உண்டு. மதுரையில் கலைஞர் நூலகத்துக்குப் பொதுப்பணித் துறைக் குடியிருப்பு இருந்த இடத்தை 2021-இல் தேர்ந்தெடுத்தபோது, அது பென்னிகுயிக் வாழ்ந்த வீடு, இடிக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. விவசாய சங்கங்கள் கொதித்தன. கட்டடம் 1912-இல் தொடங்கி 1913-இல் முடிந்தது, பென்னிகுயிக் இறந்தது 1911 மார்ச் 9 என்று அரசு ஆவணத்தை எடுத்து வைத்தது. இறப்புப் பதிவில் இருக்கும் ஒரு தேதி, ஒரு நூலகத்துக்கு வழிவிட்டது. அந்தத் தேதியில் இன்னொரு வினோதமும் உண்டு. 1911 கணக்கெடுப்பு ஏப்ரல் 2-ஆம் தேதி. வீட்டுத் தலைவரே தன் கையெழுத்தில் நிரப்பி, இன்றும் அழியாமல் இருக்கிற முதல் தாளுக்கு இருபத்து நான்கு நாள் முன்னால் அவர் போய்விட்டார். 1896-இல் சீமைக்குத் திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரித் தலைவராக இருந்து, சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லியில் குடியமர்ந்த மனிதருக்கு அங்கே மிஞ்சியது 1901-ஆம் வருடக் கணக்கெடுப்பு ஒன்றுதான்.

கேம்பர்லிக்குப் பக்கத்தில் பிரிம்லி என்ற ஊர். அங்கே புனித பேதுரு ஆலயத்து முற்றத்தில் அவர் கல்லறை. நூறு வருடம் அதை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து யாரும் போய்ப் பார்த்ததாகச் சேதி இல்லை. இங்கிருந்து லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்கள் தேடிப் பிடித்து, ஆலயத்தாரிடம் பேசி, பராமரிக்க வழிசெய்தார்கள். அவருடைய கொள்ளுப்பேரன் தலைமுறையினர் தேனிக்கு வந்து மாலை மரியாதை வாங்கிப் போனதும் நடந்தது. 2022 செப்டம்பரில் கேம்பர்லியிலேயே தமிழக அரசு சிலை வைத்தது. தங்கள் ஊரில் இப்படி ஒருவர் வாழ்ந்து செத்தார் என்பதை அந்த ஊர்க்காரர்கள் பலர் கம்பத்துக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி மலைப்பாதை. அதற்கு அப்பால் அணைக்குப் போகக் காடும் காவலும் குறுக்கே நிற்கின்றன. நினைத்தவர் நினைத்தபடி போய்ப் பார்க்க முடியாது. அணைக்கு வடக்கே ஓர் இடுகாடு உண்டு. கட்டுமானத்தின்போது நோயில் இறந்தவர்கள் 483 பேர் என்பது கணக்கு. மலேரியா, வாந்திபேதி. குளிருக்கும் காய்ச்சலுக்கும் நாட்டுச் சாராயம்தான் மருந்து. அது இல்லாமல் போயிருந்தால் அணை முடிந்திருக்குமா என்பதே சந்தேகம் என்கிற பொருளில் மெக்கன்சி எழுதியிருக்கிறார். மது ஒழிப்பு மேடைகளில் இதைச் சொல்ல முடியாது. செத்தவர்களின் எண்ணிக்கை நம்மிடம் இருக்கிறது. பெயர்?

அவர்களில் ஒருவருடைய பேரன் இன்று வம்சாவளி தேடினால் எங்கே போவது? நம் நாட்டிலும் கணக்கெடுப்பு நடந்தது. 1871-இல் ஒருமுறை, 1881 முதல் 2011 வரை பத்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல். ஆனால் வீட்டுத் தாள்களைக் கூட்டி அட்டவணை போட்டதும் தாள்களை அழித்துவிட்டார்கள். எந்தச் சாதி எத்தனை பேர், எத்தனை குருடர், எத்தனை விதவை என்று அச்சான தொகுதிகள் சொல்லும். உங்கள் முப்பாட்டன் பெயரைச் சொல்லாது. நிலம் இருந்தவர்களுக்குச் செட்டில்மெண்ட் பதிவேடு உண்டு, பட்டா உண்டு. தேனி மாவட்டம் 1996-இல்தான் பிறந்தது என்பதால் பழைய காகிதத்துக்கு மதுரைக்கோ எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ போக வேண்டும். கூலிக்கு மண் சுமந்தவனுக்கு அதுவும் இல்லை.

இரண்டு இடங்களில் மட்டும் நம் ஆட்கள் பெயரோடு இருக்கிறார்கள். ஒன்று கோயில் ஏடு. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் அனுமந்தன்பட்டி, உள்ளே தள்ளி இராயப்பன்பட்டி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள். பிள்ளையின் பெயர், அப்பன் ஆத்தாள், ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று வரிசையாக எழுதி வைப்பது கத்தோலிக்கப் பங்குகளின் வழக்கம். கிராம்வெல் உத்தரவு இங்கே செல்லுபடியாகாது, ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துத் திரெந்து சங்கம் கத்தோலிக்கர்களுக்கும் திருமண ஏட்டைக் கட்டாயமாக்கியது. கம்பம் பன்னீர் திராட்சையே 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தது என்றுதான் அதன் புவிசார் குறியீட்டுக் கதை சொல்கிறது. கொடியோடு ஏடும் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று ரேகை ஏடு. பென்னிகுயிக் இறந்த அதே 1911-இல் குற்றப் பழங்குடிச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த சில வருடங்களில் பிறமலைக் கள்ளர் ஊர் ஊராக அதில் சேர்க்கப்பட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும் அவர்கள் ஏராளம். ஆம்பளைகளின் பெயர், அடையாளம், பத்து விரல் ரேகை எல்லாம் போலீஸ் ஏட்டில் ஏறின. ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மறுத்து நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947-இல். ஆக வெள்ளைக்கார அரசு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சாமானியனின் பெயரை அக்கறையாக எழுதிவைத்தது, அவன் திருடுவான் என்று நினைத்தபோதுதான். இதே மக்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பென்னிகுயிக் படத்துக்கு மாலை போடுகிறவர்களில் முன்வரிசையில் நிற்கிறார்கள். இதில் முரண் இருக்கிறது என்று அவர்களிடம் போய் வியாக்கியானம் செய்வது அதிகப்பிரசங்கித்தனம். அவர்களுக்கு ஒரு வெள்ளைக்காரன் ரேகை எடுத்தான், இன்னொரு வெள்ளைக்காரன் தண்ணீர் கொடுத்தான். இரண்டும் வேறு ஆட்கள் என்பதில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே கணக்குத்தான். போடியிலிருந்து குரங்கணி, டாப் ஸ்டேஷன் வழியாகத்தான் ஒரு காலத்தில் மூணாறுக்கு ஆளும் அரிசியும் ஏறின, தேயிலை இறங்கியது. மூணாறு தேவாலயக் குன்றில் எலினர் நைட் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. தோட்ட மேலாளரின் மனைவி, 1894-இல் காலராவில் இறந்தவர். ஆலயம் கட்டியது அதற்குப் பல வருடம் பின்னால். கல்லறை முதலில், கோயில் பிறகு. இந்த மாதிரிக் கல்லறைகளின் வாசகங்களைத் தெற்காசியக் கல்லறைகளுக்கென்று 1976-இல் லண்டனில் தொடங்கிய சங்கம் ஒன்று படியெடுத்துப் புத்தகம் புத்தகமாகப் போடுகிறது. பேத்தியின் பேத்தி வந்து தேடினால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதே காலத்தில் அதே காலராவில் மலையில் செத்த தேயிலைக் கூலிக்காரியின் பேத்தி போடியில்தான் இருப்பாள். அவளுக்குத் தெரிந்தது, ஆயா மலைக்குப் போனாள், வரவில்லை என்பது மட்டும்.

பொங்கல் கதைக்கு வருகிறேன். தேனிப் பக்கத்துப் பாலார்பட்டியில் வருடா வருடம் ஜனவரி 15 அன்று பென்னிகுயிக்குக்கென்று பொங்கல் வைக்கிறார்கள். தப்பு, தேவராட்டம், பொங்கப் பானை என்று ஊரே திரளும். பிறந்தநாளும் தைப் பொங்கலும் ஒன்றாக வருவதைத் தெய்வச் செயல் என்பார்கள். பஞ்சாங்கக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். தை முதல் தேதி ஆங்கில நாட்காட்டியில் மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது. விவேகானந்தர் பிறந்த 1863-இல் மகர சங்கராந்தி ஜனவரி 12. பென்னிகுயிக் பிறந்த 1841-இல் பொங்கல் அவருக்கு முன்பே வந்து போயிருக்கும். பொங்கல்தான் நகர்ந்து நகர்ந்து அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

திரும்பும் வழியில் கம்பத்தில் டீ குடிக்க நின்றேன். கடைப் பையன் ஒருவனை முதலாளி "பென்னி" என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் முழுப்பெயர் பென்னிகுயிக்தானாம். வகுப்பில் இன்னொருவனுக்கும் அதே பெயர் இருப்பதால் இனிஷியல் வைத்துப் பிரிக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி இன்னும் பலர் உண்டு. பேரூராட்சிப் பிறப்புப் பதிவேட்டில் அவர்கள் எல்லோரும் ஏறியிருக்கிறார்கள், அப்பா அம்மா பெயரோடு, தேதியோடு, முத்திரையோடு. நூறு வருடம் கழித்துச் சர்ரேயிலிருந்து யாராவது ஒரு பென்னிகுயிக் குடும்பத்துக்காரர் கணினியில் தன் குடும்பப் பெயரைத் தட்டி, தேடு என்றால், ஸ்காட்லாந்தில் கிடைப்பதைவிட அதிகம் பேர் உத்தமபாளையம் தாலுகாவில் கிடைப்பார்கள். தகப்பன் பெயர்கள் முத்தையா, காசிமாயன், ராவுத்தர், அந்தோணி. அந்த மனிதர் என்ன முடிவுக்கு வருவாரோ, நாம் பார்க்கப் போவதில்லை.